“சத்தம் வரல” என்பதற்கு அடுத்த வரியில் என்ன எழுத வேண்டும்?

“புதுசா சவுண்ட்பார் வாங்கினோம், சத்தம் சரியா வரல. என்ன பண்ணலாம்?”

டிவி, சவுண்ட்பார், ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), புரொஜெக்டர் பற்றி உதவி கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் எழுதுகிறார்கள். பதில் சொல்ல உட்கார்ந்திருப்பவருக்கு இதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. “சத்தம் சரியா வரல” என்றால் சவுண்ட்பார் முழு ஊமையாக இருக்கலாம். டிவி ஸ்பீக்கரில் வந்து சவுண்ட்பாரில் வராமல் இருக்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விட்டுவிட்டு வரலாம். பாட்டு காதைக் கிழிக்க, பேச்சு மட்டும் முணுமுணுப்பாகக் கேட்கலாம். உதடு அசைந்து முடித்த பிறகு குரல் வரலாம். அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் சுற்றிலும் கேட்கும் டால்பி ஒலி) என்று காசு கொடுத்து வாங்கியதில் வெறும் ஸ்டீரியோ வரலாம். பின்னணியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

அதனால் முதல் வேலை, கண்ணும் காதும் கண்டதை அப்படியே எழுதுவது. “எச்டிஎம்ஐ போர்ட் போயிடுச்சுன்னு நினைக்கிறேன்” என்பது நீங்கள் எடுத்துவிட்ட முடிவு. “செட்டாப் பாக்ஸை எச்டிஎம்ஐ 2-இல் போட்டால் ‘நோ சிக்னல்’ என்கிறது, அதே கேபிளை எச்டிஎம்ஐ 1-இல் போட்டால் படம் வருகிறது” என்பதுதான் தகவல். இதை வைத்துக்கொண்டு எதிரில் இருப்பவரே அந்த முடிவுக்கு வருவார், அல்லது அது தவறு என்று காட்டுவார். ஊகத்தைச் சொல்லக் கூடாது என்றில்லை. கண்டதை முதலில் எழுதிவிட்டு, ஊகத்தைக் கடைசி வரியில் ஊகம் என்றே எழுதுங்கள்.

அடுத்தது மாடல் நம்பர். “சாம்சங் 55 இன்ச்” என்பது மாடல் ஆகாது. டிவியின் பின்பக்க ஸ்டிக்கரில் எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு நீளமான வரி இருக்கும். கடைசி எழுத்து வரை அதை எழுத வேண்டும், ஏனென்றால் எந்த வருடத்து மாடல், எந்த நாட்டுக்கானது என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த வால் எழுத்துகளில்தான் இருக்கிறது. சுவரில் மாட்டிய டிவியைக் கழற்ற வேண்டாம். செட்டிங்ஸில் ‘அபவுட்’ அல்லது ‘சப்போர்ட்’ பகுதிக்குள் மாடல் நம்பரும் சாஃப்ட்வேர் பதிப்பும் இருக்கும், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அதே ஸ்டிக்கரில் இருக்கும் சீரியல் நம்பரைப் பொதுவெளியில் போட வேண்டாம். அது சர்வீஸ் சென்டருக்கு மட்டும் போதும்.

வருடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். பென்டிரைவில் படத்தைப் போட்டால் காட்சி ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை என்ற புகார் ஓயாமல் வருகிறது. பென்டிரைவிலும் டிவியிலும் பழுது இருக்காது. ஃபைலில் இருக்கும் ஆடியோ டிடிஎஸ் வகையாக இருக்கும், டிவிக்கு அதைப் பிரித்துப் படிக்கத் தெரியாது. சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டிடிஎஸ் ஆதரவை விட்டுவிட்டது. எல்ஜி 2020-இல் விட்டது, 2023-இல் திரும்பக் கொண்டுவந்தது, 2025 மாடல்களில் மறுபடி விட்டது. ஆகவே அண்ணன் வீட்டு டிவியில் ஓடும் அதே ஃபைல் தம்பி வீட்டு டிவியில் ஊமையாக ஓடும், இருவரும் ஒரே கம்பெனி டிவி வைத்திருந்தாலும். இந்தக் கேள்வியைக் கேட்கும்போது கம்ப்யூட்டரில் விஎல்சியைத் திறந்து, ‘டூல்ஸ்’ மெனுவில் ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ பாருங்கள். அங்கே ஆடியோ என்ன வகை, எத்தனை சேனல், வீடியோ என்ன வகை என்று இருக்கும். அதை அப்படியே படம் பிடித்து அனுப்பினால் ஒரே வரியில் பதில் கிடைத்துவிடும்: ஆடியோவை மட்டும் டால்பி டிஜிட்டலுக்கோ ஏஏசிக்கோ மாற்றுங்கள், வீடியோவைத் தொட வேண்டாம்.

இனி முக்கியமான இடம். ஒரு கேள்வியில் ஒரே ஒரு விஷயம்தான் எழுத நேரம் இருக்கிறது என்றால், சிக்னல் போகும் பாதையை எழுதுங்கள். எந்தக் கருவியில் கிளம்பி, எந்தப் போர்ட்டில் வெளியே வந்து, எந்த கேபிள் வழியாக, அடுத்த கருவியின் எந்தப் போர்ட்டுக்குள் போகிறது. “எல்லாம் எச்டிஎம்ஐ-ல தான் கனெக்ட் பண்ணியிருக்கேன்” என்பதால் பயனில்லை. போர்ட்டின் எண் வேண்டும், பக்கத்தில் பொறித்திருக்கும் சொல்லும் வேண்டும். ‘ஏஆர்சி’ (டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி) என்று இருக்கிறதா, முன்னால் ஓர் ‘இ’ சேர்ந்து ‘இஏஆர்சி’ என்று இருக்கிறதா என்பது பல பிரச்சினைகளில் முழு விடையுமே.

காரணம் இது. ஏஆர்சி 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது. டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு ஸ்டீரியோ பிசிஎம் (சுருக்காத ஒலி), டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் ஆகியவற்றைக் கொண்டுபோகும். பிந்தைய டிவிகள் பலவற்றில் டால்பி டிஜிட்டல் பிளஸும் போகும். ஓடிடி ஆப்களில் அட்மாஸ் பெரும்பாலும் இந்த டால்பி டிஜிட்டல் பிளஸுக்குள் வைத்துத்தான் வருகிறது, அதனால் வெறும் ஏஆர்சியிலும் அட்மாஸ் கிடைக்க வாய்ப்புண்டு. புளூரே டிஸ்க்கில் அட்மாஸ் வருவது டால்பி ட்ரூஎச்டி என்ற, தரம் குறைக்காத பெரிய ஒலி வகைக்குள். அதற்கு ஏஆர்சியில் இடமில்லை, எச்டிஎம்ஐ 2.1-உடன் வந்த இஏஆர்சி வேண்டும். ஆப்டிக்கல் கேபிள் இன்னும் குறுகல்: ஸ்டீரியோ பிசிஎம், 5.1 டால்பி டிஜிட்டல், 5.1 டிடிஎஸ் அவ்வளவுதான். டால்பி டிஜிட்டல் பிளஸ்கூட அதில் போகாது.

இப்போது அதே கேள்வி இப்படி வந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

“டிவி மாடல், சவுண்ட்பார் மாடல் இரண்டும் கீழே. புளூரே பிளேயர் டிவியின் எச்டிஎம்ஐ 1-இல். டிவியின் எச்டிஎம்ஐ 3-இலிருந்து (ஏஆர்சி என்று மட்டும் போட்டிருக்கிறது) சவுண்ட்பாரின் ‘எச்டிஎம்ஐ அவுட்’டுக்கு ஒரு கேபிள். சவுண்ட்பாரில் ‘எச்டிஎம்ஐ இன்’ ஒன்று காலியாக இருக்கிறது. டிவி ஆப்பில் அட்மாஸ் படம் போட்டால் சவுண்ட்பார் டிஸ்பிளேயில் டால்பி அட்மாஸ் என்று வருகிறது. டிஸ்க்கில் அட்மாஸ் டிராக்கைத் தேர்ந்தெடுத்தும் டால்பி ஆடியோ என்றுதான் வருகிறது. டிவியில் டிஜிட்டல் சவுண்ட் அவுட்புட் ‘ஆட்டோ’வில். கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டேன், அதேதான். டிஸ்க்கில் அட்மாஸ் கேட்க என்ன செய்ய வேண்டும்?”

பதில் சொல்பவருக்கு இதில் யோசிக்கவே வேலையில்லை. பிளேயரை டிவியிலிருந்து கழற்றி, சவுண்ட்பாரில் காலியாக இருக்கும் ‘எச்டிஎம்ஐ இன்’னில் நேரடியாகச் செருகச் சொல்வார். படம் சவுண்ட்பார் வழியாக டிவிக்குப் போகும், ட்ரூஎச்டி டிவிக்குள் நுழையவே நுழையாது. காலி ‘இன்’ போர்ட் இருக்கிறது என்ற ஒரு வரி இல்லாவிட்டால், “இஏஆர்சி உள்ள டிவி வாங்குங்கள்” என்ற வெட்டிச் செலவு யோசனைதான் வந்திருக்கும்.

செட்டிங்ஸைப் பற்றி எழுதும்போது திரையில் உள்ள சொல்லையே எழுதுங்கள். “சவுண்ட் செட்டிங் எல்லாம் கரெக்டா இருக்கு” என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. டிஜிட்டல் அவுட்புட் ‘பிசிஎம்’மில் இருந்தால் ஏஆர்சியிலும் ஆப்டிக்கலிலும் ஸ்டீரியோவுக்கு மேல் வராது. ‘ஆட்டோ’, ‘பாஸ்-த்ரூ’, ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. ரிமோட் விஷயமும் அப்படித்தான். ஒரு ரிமோட்டில் எல்லாக் கருவியும் இயங்குவதற்கான சிஇசி வசதியை சாம்சங் ‘எனிநெட் பிளஸ்’ என்கிறது, சோனி ‘பிராவியா சிங்க்’, எல்ஜி ‘சிம்ப்ளிங்க்’. அது ஆஃபில் இருந்தால் பல டிவிகளில் ஏஆர்சியும் சேர்ந்து செத்துவிடும். ஒவ்வொரு மெனு பக்கத்தையும் போனில் படம் எடுத்து அனுப்புவதுதான் சுலபம்.

படம் விட்டுவிட்டு வருகிறது என்றால், எப்படி விட்டுப்போகிறது என்று கவனியுங்கள். திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னுகின்றனவா, அல்லது இரண்டு மூன்று நொடி முழுக்கக் கருத்துப் பிறகு படம் திரும்புகிறதா? புள்ளிகள் மின்னினால் கேபிளால் அந்த வேகத்தைத் தாங்க முடியவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். முழுக்கக் கருத்துத் திரும்பினால் இணைப்பே அறுந்து, இரண்டு கருவிகளும் மறுபடி கைகுலுக்குகின்றன. கேபிளோடு, எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டையும் சந்தேகப்பட வேண்டும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 18 ஜிகாபிட் வரை தாங்கும் கேபிள் வேண்டும். சாதாரண செப்புக் கேபிள் 5 மீட்டரைத் தாண்டும்போதே இதில் தடுமாற ஆரம்பிக்கும். ஆகவே கேபிளின் நீளம், சுவருக்குள் போகிறதா, நடுவில் ஜாயின்ட் அல்லது ஸ்பிளிட்டர் உண்டா என்பதை எழுத வேண்டும். ஃபைபர் எச்டிஎம்ஐ கேபிள் என்றால் அதற்குத் திசை உண்டு. ஒரு முனையில் ‘சோர்ஸ்’, மறுமுனையில் ‘டிஸ்பிளே’ என்று எழுதியிருக்கும், மாற்றிப் போட்டால் படமே வராது. 4கே எச்டிஆர் வரவில்லை, வெறும் 4கே மட்டும் வருகிறது என்றால், டிவியில் அந்தப் போர்ட்டை முழு வேகத்துக்குத் திறந்துவிட்டீர்களா என்று பார்த்து எழுதுங்கள். சோனியில் அது ‘எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்’, சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘அல்ட்ரா எச்டி டீப் கலர்’.

படமே இல்லை, சத்தம் மட்டும் வருகிறது என்பவர்கள் கேட்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சை டிவி திரைக்குப் பக்கத்தில் சாய்வாக அடித்துப் பாருங்கள். உள்ளே மங்கலாக ஆட்கள் நடமாடுவது தெரிந்தால் எல்சிடி பேனல் வேலை செய்கிறது, பின்னால் இருக்கும் எல்இடி விளக்கோ அதன் சப்ளையோதான் போயிருக்கிறது. பேனல் மாற்றும் செலவுக்கும் விளக்குப் பட்டை மாற்றும் செலவுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஓஎல்இடி டிவிக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அதில் பின்விளக்கே கிடையாது. ஸ்டாண்ட்பை விளக்கு மினுக்கினால் எத்தனை முறை மினுக்கி நிற்கிறது என்று எண்ணி எழுதுங்கள். சோனி போன்ற டிவிகளில் அந்த எண்ணிக்கையே பழுதின் குறியீடு. ஆனால் மூடியைக் கழற்ற வேண்டாம். 230 வோல்ட் உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது 300 வோல்ட்டைத் தாண்டும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

இரைச்சல் பற்றிய கேள்விகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றுக்குத்தான் அதிகம் ஊகப் பதில்கள் கிடைக்கின்றன. யாரோ “ஆம்ப் மாத்துங்க” என்பார், யாரோ “எர்த் பின்னை வெட்டிவிடுங்க” என்பார். இரண்டாவதை ஒருநாளும் செய்யாதீர்கள். மூன்று பின் பிளக்கில் தடித்த பின்தான் உயிரைக் காப்பது.

முதலில் இரைச்சலின் வகை. ‘ம்ம்ம்’ என்ற அடித்தொண்டை ஒலியா, ‘ஸ்ஸ்ஸ்’ என்ற காற்று ஒலியா, ‘கிர்ர்’ என்ற கரகரப்பா? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் எர்த் சுற்றிலிருந்து வரும் ஹம் (அந்த ‘ம்ம்ம்’) 50-இலும் அதன் மடங்குகளிலும் இருக்கும். வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள். ஹம் கூடவே குறைந்தால் அது உள்ளே வரும் சிக்னலோடு வருகிறது. கொஞ்சமும் மாறாவிட்டால் சந்தேகம் ஆம்ப்பின் மேல். பிறகு ஆம்ப்பின் பின்னால் உள்ள எல்லா இன்புட் ஒயரையும் கழற்றுங்கள். அமைதியானால், ஒவ்வொரு முறையும் ஆம்ப்பை ஆஃப் செய்து, ஓர் ஒயரைச் செருகி, ஆன் செய்து பாருங்கள். எதைச் செருகியதும் ஹம் எழுகிறதோ அதுதான் நீங்கள் எழுத வேண்டிய வரி.

பல வீடுகளில் அந்த ஒயர் செட்டாப் பாக்ஸிலிருந்து வருவதாக இருக்கும். அப்போது பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிள் டிவி அல்லது டிஷ் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். படம் போய்விடும், போகட்டும், ஹம்மும் கூடப் போகிறதா என்பதே கேள்வி. போனால் மாடியில் ஓர் எர்த், சுவர் பிளக்கில் ஓர் எர்த் என்று இரண்டுக்கும் நடுவே மின்சாரம் உங்கள் ஆடியோ ஒயர் வழியாக ஓடுகிறது. கேபிள் டிவியா டிஷ்ஷா என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். கேபிள் டிவி என்றால் ஒயரில் ஓர் ஐசொலேட்டர் (சிக்னலை விட்டுவிட்டு எர்த் தொடர்பை மட்டும் அறுக்கும் சின்னக் கருவி) போட்டால் தீரும். டிஷ் என்றால் அதே ஐசொலேட்டர் உதவாது, ஏனென்றால் மாடியில் உள்ள எல்என்பிக்கு (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவி) 13 அல்லது 18 வோல்ட் அந்த ஒயர் வழியாகத்தான் போகிறது, ஐசொலேட்டர் அதைத் தடுத்துவிட்டால் சேனலே வராது. அங்கே ஆடியோவை ஆப்டிக்கலில் எடுப்பதுதான் சரியான வழி. ஆப்டிக்கலில் ஒளி மட்டும் போகிறது, எர்த் தொடர்பு அறுந்துவிடும்.

கரண்ட் போய் இன்வர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைச்சல் என்றால் அதையும் எழுதுங்கள், இன்வர்ட்டர் சைன் வேவா ஸ்கொயர் வேவா என்பதோடு. ஸ்கொயர் வேவ் என்றால் ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மரே உறுமும், ஆம்ப்பில் குறை ஒன்றும் இருக்காது.

பள்ளி, கோயில், மண்டப ஒலிபெருக்கிகள் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் தகவல், ஆம்ப்பின் பின்னால் எந்த முனையில் ஒயர் போட்டிருக்கிறது என்பது. 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட் என்று வரிசையாக முனைகள் இருக்கும். 100 வோல்ட் லைனில் ஓடும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும், அந்த வோல்ட்டை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி குறைக்கும் ஒரு லைன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது இல்லாத 8 ஓம் ஸ்பீக்கரை அந்த லைனில் போட்டால் காயில் எரியும், ஆம்ப்பும் கூடப் போகலாம். ஆம்ப் எத்தனை வாட்ஸ், ஸ்பீக்கர் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை வாட்ஸ் முனையில், ஒயரின் நீளம், தடிமன் எவ்வளவு என்று எழுதினால் கூட்டிப் பார்த்தே தவறைக் கண்டுபிடிக்கலாம். ஸ்பீக்கர் வாட்ஸின் கூட்டுத்தொகை ஆம்ப்பின் வாட்ஸைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

படமும் வீடியோவும் அனுப்புவதில் ஒன்றிரண்டு. பின்பக்கத்தை எடுக்கும்போது முழுதாக ஒன்று, போர்ட்டின் எழுத்து படிக்கிற அளவுக்குக் கிட்டத்தில் ஒன்று. திரையில் பட்டை ஓடுவது கேமராவில் மட்டும் தெரிகிறதா, கண்ணுக்கும் தெரிகிறதா என்று சொல்லுங்கள். கேமராவின் ஷட்டர் வேகத்தால் இல்லாத பட்டைகள் பதிவாகும். இரைச்சலைப் பதிவுசெய்ய போனை ஸ்பீக்கருக்கு ஒரு கையளவு தூரத்தில் பிடியுங்கள். பதில் வருவதற்கு முன் ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள். செய்துதான் தீர வேண்டும் என்றால் எல்லா மெனு பக்கங்களையும் முதலில் படம் எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் எந்த செட்டிங் தவறாக இருந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போகும். யோசனை வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, சரியானாலும் ஆகாவிட்டாலும் அவருக்குச் சொல்லுங்கள்.

வாங்குவதற்கு முன் கேட்கும் கேள்விகளுக்கு அறையின் அளவு இல்லாமல் பதிலே கிடையாது. “நல்ல புரொஜெக்டர் எது?” என்பதை இப்படி மாற்றுங்கள்: அறை நீளம், அகலம், உயரம் அடியில், திரை எந்தச் சுவரில், எத்தனை அடி தள்ளி உட்காருவீர்கள், பகலில் ஜன்னல் மூட முடியுமா, பட்ஜெட் எவ்வளவு. 100 இன்ச் திரையின் அகலம் 2.21 மீட்டர். புரொஜெக்டரின் த்ரோ ரேஷியோ (திரை அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரத்தில் வைக்க வேண்டும் என்ற எண்) 1.5 என்றால், 2.21-ஐ 1.5-ஆல் பெருக்கி 3.3 மீட்டர், ஏறக்குறைய 11 அடி தூரம் வேண்டும். 10 அடி அறையில் அது நடக்காது. 1.2 ரேஷியோ என்றால் 8 அடி 8 அங்குலம், பின்னால் பெட்டிக்கும் ஒயருக்கும் ஓரடி விட்டால் 10 அடிக்குள் அடங்கிவிடும்.

புது வீடு கட்டுபவர்கள் இந்தக் கேள்வியைச் சுவர் பூசுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். எலக்ட்ரீஷியன் வழக்கமாகப் போடும் 20 மில்லிமீட்டர் பைப்பின் வளைவுகளில் எச்டிஎம்ஐ பிளக் நுழையாது. டிவிக்கும் புரொஜெக்டருக்கும் இன்னும் அகலமான பைப் தனியாக, கரண்ட் ஒயர் போகும் பைப்போடு சேராமல், உள்ளே இழுப்பதற்கு ஒரு கயிறு விட்டு வைக்க வேண்டும். எத்தனை வளைவு, ஒவ்வொரு முனையும் தரையிலிருந்து எத்தனை அடி உயரம் என்று ஒரு தாளில் கையால் வரைந்து, அதைப் படம் எடுத்து அனுப்பினால் போதும்.